மின்சாரக் காரின் கேமரா யாருக்குச் சாட்சி?

காலை எட்டு மணிக்கு ஓசூர் சாலையில் நிற்பவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார்கள். பச்சை நிற எண் பலகை தாங்கிய கார்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்தக் கார். மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக் கார். இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை.

மின்சாரக் கார் பெங்களூருக்குப் புதிதல்ல. பொம்மசந்திராவில் தயாரான 'ரேவா' என்ற குட்டிக் கார் 2001-ம் ஆண்டிலேயே இந்நகரத் தெருக்களில் ஓடியது. 2017-ம் ஆண்டில், மின்சார வாகனங்களுக்கென்று தனிக் கொள்கையை முதன்முதலில் அறிவித்த மாநிலமும் கர்நாடகம்தான்.

இப்போது புதிதாக வந்திருப்பது அந்தக் கார்களின் முன் கண்ணாடியில் ஒட்டப்படும் சிறு கேமரா. 'டேஷ் கேம்' என்று சொல்கிறார்கள். வண்டி கிளம்பியதும் அது விழித்துக்கொள்ளும். எதிரேயுள்ள சாலையை இடைவிடாமல் படம் பிடிக்கும். உள்ளே இருக்கும் கார்டு நிறைந்துவிட்டால் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதைப் பதியும். எங்காவது மோதி அதிர்ச்சி ஏற்பட்டால், அந்தச் சில நிமிடக் காட்சியை மட்டும் அழியாமல் பூட்டி வைக்கும்.

ரஷ்ய நாட்டில் இது வெகுகாலமாகப் பழக்கத்தில் உள்ளது. வேண்டுமென்றே வந்து விழுந்து நஷ்டஈடு கேட்கும் மோசடிக்காரர்களுக்குப் பயந்து டிரைவர்கள் அதை மாட்டிக்கொண்டார்கள். 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகரின் மேல் விண்கல் வெடித்த காட்சியை உலகமே பார்த்ததற்கும் அந்த டிரைவர்களின் கேமராக்கள்தான் காரணம்.

'இது கார் வைத்திருப்பவர்கள் விவகாரம். கூலிக்கு உழைக்க வந்தவனுக்கு இதில் என்ன?' என்று கேட்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து வந்து, அடுத்தவர் காரை ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் இந்நகரில் ஏராளம். முதலாளியைவிட அவர்களுக்குத்தான் இந்தக் கேமரா அதிகம் தேவை. ஆனால் பொருத்தும் முறையையும் வைத்துக்கொள்ளும் முறையையும் பொறுத்து, அது அவர்களுக்கு எதிராகவே திரும்பவும் கூடும்.

கூட்டத்தின் தீர்ப்பு

மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு சிறு மோதல் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே புகுந்த இரு சக்கர வண்டிக்காரர் கீழே விழுகிறார். இரண்டு நிமிடத்தில் இருபது பேர் கூடிவிடுகிறார்கள். முதல் கேள்வி, 'யாருப்பா டிரைவர்?' என்பதுதான்.

டிரைவர் ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. கன்னடம் காதில் விழுந்தால் புரியும். பதற்றத்தில் வாயிலிருந்து தமிழ்தான் வருகிறது. நடந்ததைக் கோவையாகச் சொல்ல முடிவதில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவர் சொல்வது முதலில் சபையேறுகிறது. இது கன்னடக்காரர்களுக்கு மட்டும் உள்ள குணம் அல்ல. சென்னையில் வட இந்தியத் தொழிலாளிக்கும் இதே கதிதான். கூடுகிற கூட்டத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே சுபாவம்.

மின்சாரக் காருக்கென்று வேறு இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, அதற்குச் சத்தமில்லை. மெதுவாகப் போகும்போது நடந்து செல்பவர் காதுக்கு அது வருவதே தெரியாது. இரண்டாவது, பல மின்சாரக் கார்களில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே, பிரேக் பிடித்ததுபோல வேகம் குறையும். அதை எதிர்பாராத பின்வண்டிக்காரர் வந்து இடித்துவிட்டு, 'திடீரென்று நிறுத்திவிட்டான்' என்பார். எனவே முன்னால் பார்க்கும் கேமராவுடன் பின்னால் பார்க்கும் கேமராவும் இருப்பது நல்லது.

சட்டமும் முன்பைவிடக் கடுமையாகியிருக்கிறது. கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால், பழைய இந்திய தண்டனைச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சங்கிதையின் 106-ம் பிரிவில் அது 5 ஆண்டு வரை என்று உயர்ந்துவிட்டது. மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் ஒருவருக்கு ஐந்து ஆண்டு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

கேமரா மாற்றிய கதை

2025 ஏப்ரல் 21 அன்று சி.வி.ராமன் நகர்ப் பகுதியில் நடந்த சம்பவத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காரில் சென்ற விமானப்படை அதிகாரி ஒருவருக்கும் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவருக்கும் தகராறு. ரத்தம் வழியும் முகத்துடன் அதிகாரி வெளியிட்ட வீடியோ நாடெங்கும் பரவியது. கன்னடத்தில் திட்டித் தாக்கினார்கள் என்பது அவர் புகார். இளைஞர் கைதானார். மொழிச் சண்டை என்று ஊரே கொதித்தது.

பிறகு அந்தத் தெருவிலிருந்த கேமராவின் காட்சிகள் வெளிவந்தன. அதிகாரியும் இளைஞரைத் தாக்குவது அதில் தெரிந்தது. அதிகாரி மீதும் போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். இது சாலைத் தகராறுதான், மொழிச் சண்டை அல்ல என்றும் போலீஸ் தரப்பில் விளக்கினார்கள்.

யார் பக்கம் எவ்வளவு குற்றம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரே நாளில் ஒரு செய்தி தலைகீழானதே, அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்தத் தெருவில் கேமரா இல்லாதிருந்தால் முதலில் பேசியவர் சொன்னதே முழு உண்மையாக நின்றிருக்கும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தீர விசாரிக்க ஏதாவது கையில் இருக்க வேண்டுமல்லவா? எல்லாத் தெருவிலும் கேமரா இல்லை. காரில் இருக்கலாம்.

பொருத்துவதில் கவனம்

ஜே.சி.ரோடு கடைகளில் சில ஆயிரம் ரூபாயிலிருந்தே இந்தக் கேமராக்கள் கிடைக்கின்றன. பெட்ரோல் காரில் மாட்டுவதுபோலவே மின்சாரக் காரிலும் மாட்டிவிடலாம் என்று நினைப்பது தவறு.

மின்சாரக் காரில் இரண்டு பேட்டரிகள் உண்டு. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி அடியில் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 300 வோல்ட்டும் அதற்கு மேலும் கொண்டது. அதன் கேபிள்களுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்திருப்பதே எச்சரிக்கைக்காகத்தான். அதன் அருகில் சாதாரண எலெக்ட்ரீஷியன் கை போகக் கூடாது. விளக்கு, ஹாரன், கதவுப் பூட்டு ஆகியவற்றுக்கு 12 வோல்ட் கொண்ட சின்ன பேட்டரி தனியாக உள்ளது. கேமராவுக்கு மின்சாரம் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மிக எளிய வழி, சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது. எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை. பல கார்களில் வண்டியை அணைத்தால் கேமராவும் அணைந்துவிடும். வண்டி நிற்கும்போதும் காவல் காக்க வேண்டும் என்றால் பியூஸ் பெட்டியிலிருந்து வயர் எடுக்க வேண்டும். அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

ஒரு கேமரா சுமார் 5 வாட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் சின்ன பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர்-மணி போய்விடும். பேட்டரி 40 ஆம்பியர்-மணி கொண்டது என்றால் இரண்டே நாளில் பாதி காலி. சின்ன பேட்டரி தீர்ந்தால், பெரிய பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தாலும் கார் உயிர் பெறாது. பெரிய பேட்டரியிலிருந்து சின்னதைத் தானே நிரப்பிக்கொள்ளும் கார்களும் உண்டு. எல்லாக் கார்களும் அப்படி அல்ல. திங்கட்கிழமை காலை வண்டி கிளம்பவில்லை என்றால் திட்டு வாங்கப் போகிறவர் டிரைவர்தான்.

ஆகவே வயர் எடுப்பதானால், பேட்டரி மின்னழுத்தம் 12 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் தானே அணைந்துவிடும் கருவியைச் சேர்த்தே மாட்ட வேண்டும். வயரை வெட்டி ஒட்டாமல் பியூஸ் வழியாக எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டினால் வாரண்டி விஷயத்தில் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு. கண்ணாடி ஓரத்துத் தூணில் ஏர்பேக் இருந்தால், வயர் அதன் குறுக்கே போகக் கூடாது. கேமரா உள் கண்ணாடியின் பின்னால், டிரைவரின் பார்வையை மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு தேதியையும் மணியையும் சரியாக வைப்பதை மறக்கக் கூடாது. தேதி தப்பான படத்தைக் காட்டினால் எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

கார்டு யார் கையில்?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கேமராவை வாங்குபவர் முதலாளி. கார்டு அவருடையது. சில கேமராக்களின் படம் அவருடைய செல்போனுக்கு நேராகவே போய்விடும். விபத்தில் டிரைவர் மேல் தப்பில்லை என்று காட்டும் காட்சி பதிவாகியிருக்கலாம். ஆனால் இன்சூரன்ஸ் தகராறு வேண்டாம், கோர்ட் அலைச்சல் வேண்டாம் என்று முதலாளி அதை வெளியே எடுக்காமல் விட்டால்? பழைய படத்தின் மேல் புதிய படம் ஏறிவிடும். சாட்சி இருந்தும் இல்லாமல் போகும். டிரைவர் மேல் தப்பு இருந்தால் மட்டும் அதே கார்டு உடனே வெளியே வரும்.

இன்னொன்றும் உண்டு. சில கேமராக்களுக்கு இரண்டு கண்கள். ஒன்று சாலையைப் பார்க்கும், மற்றொன்று டிரைவரைப் பார்க்கும். பேச்சையும் பதிவு செய்யும். மனைவியுடன் போனில் பேசியது, மதியம் வண்டியிலேயே சற்றுக் கண்ணயர்ந்தது எல்லாம் கணக்கில் ஏறிவிடும்.

வேலை செய்யும் இடத்தில் கேமராவே கூடாது என்று சொல்வதற்கில்லை. ரயில் எஞ்சின்களிலும் அது வந்துகொண்டிருக்கிறது. 74,000 பயணிகள் பெட்டிகளிலும் 15,000 எஞ்சின்களிலும் கேமரா பொருத்தப்படும் என்று 2025 ஜூலையில் ரயில்வே தரப்பில் அறிவித்தார்கள். ஆனால் கேமரா இருப்பது தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எது பதிவாகிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தரங்கம் என்பது பணக்காரர்களின் சொத்து அல்ல. அது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கே.எஸ்.புட்டசாமி, இதே கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி.

ஆகவே கேமரா மாட்டும் நாளிலேயே முதலாளியும் டிரைவரும் பேசிக்கொள்வது நல்லது. சாலையைப் பார்க்கும் கேமரா போதும். உள்ளே பார்க்கும் கேமரா அவசியம் என்றால் அதைச் சொல்லிவிட்டு மாட்ட வேண்டும். விபத்து நடந்தால் காட்சியின் ஒரு பிரதி டிரைவருக்கும் தரப்பட வேண்டும். இவ்வளவும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும், வக்கீல் தேவையில்லை. டிரைவர்கள் சங்கங்களும், பெங்களூரிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் அந்தத் தாளை மூன்று மொழியில் அச்சிட்டுக் கொடுத்தால் பெரிய தொண்டாக இருக்கும்.

போலீசுக்கு, வாட்ஸ்அப்புக்கு அல்ல

விபத்து நடந்தால் முதல் கடமை, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்ப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. கூட்டம் மிரட்டும் நிலை இருந்தால் நேரே போலீஸ் நிலையம் செல்லலாம். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவித்தாக வேண்டும். அடுத்த கடமை, கேமராவை அணைத்துக் கார்டைப் பத்திரப்படுத்துவது.

மூலக் கார்டை அப்படியே போலீசாரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குவது நல்லது. அதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். கோர்ட்டில் பிரதியை மட்டும் காட்டுவதானால், 2023-ம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். செல்போனில் பார்த்தேன், நண்பன் அனுப்பினான் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

காட்சியை வாட்ஸ்அப்பில் பரப்புவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. 'தமிழனை அடிக்கிறார்கள்' என்ற தலைப்புடன் அரை நிமிடப் படம் ஒன்று கிளம்பினால், அதன் பலனை அனுபவிப்பது ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் நாளை காலை வேலைக்குக் கிளம்ப வேண்டிய குடும்பங்கள்தான். அரை நிமிடப் படம் எப்படி ஏமாற்றும் என்பதை சி.வி.ராமன் நகர்ச் சம்பவமே காட்டிவிட்டது. முழுப் படத்தைப் பார்க்க வேண்டியவர்கள் போலீசாரும் நீதிபதியும்.

கேமரா வந்துவிட்டது, இனிக் கன்னடம் எதற்கு என்று எண்ணுவதும் சரியல்ல. 'தப்பாயித்து சார், மொதலு ஆஸ்பத்திரிகே ஹோகோணா' என்று பணிவாகச் சொல்லத் தெரிந்தவருக்குக் கேமராவை நீட்ட வேண்டிய அவசியமே பல நேரங்களில் வராது. வாயால் தீர வேண்டியது வாயால் தீரட்டும். தீராத நாளுக்குத்தான் அந்தக் கருவி.

அப்படி ஒரு நாள் வந்தால், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு மொழியும் இல்லை, ஊரும் இல்லை. அது பார்த்ததைச் சொல்லும். காரின் சாவியை நம்பிக் கொடுக்கும் முதலாளிகள், அந்தச் சாட்சியையும் டிரைவருக்குத் தர மறுக்கக் கூடாது.