விரிசலுக்கு முந்திக்கொள்ளும் கோடு

அணைக்கட்டு என்றதும் இடைவெளியே இல்லாத, ஒரே பாறை போன்ற பெருஞ்சுவர்தான் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. அப்படிப்பட்ட சுவரே மிகவும் வலிமையானது என்றும் எண்ணுகிறோம். மாணவ நண்பர்களே, இந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து. நல்ல கான்கிரீட் அணை திட்டமிட்டுப் பிரிக்கப்பட்ட அணையே.

காரணம் வெப்பம். சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது வெப்பம் பிறக்கிறது. வீட்டுச் சுவரில் அது விரைவில் வெளியேறிவிடும். பல மீட்டர் கனமுள்ள அணையின் நடுவிலோ ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். பிறகு குளிரும்போது கான்கிரீட் சுருங்க முயல்கிறது. அடியில் உள்ள பாறை அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லதான கான்கிரீட், இழுவிசையைத் தாங்குவதில் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலிமையே உடையது. ஆகவே விரிசல் விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால், கான்கிரீட் தன் நீளத்தில் சுமார் 1,00,000-இல் ஒரு பங்கு சுருங்கும். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கும் ஹூவர் அணையின் மேற்பகுதி 379 மீட்டர் நீளம். அது 20 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் சுருங்க வேண்டும். அதையே 15 மீட்டர் பகுதிகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் சுருங்கினால் போதும்.

1933 முதல் 1935 வரை அந்த அணைக்குக் கான்கிரீட் வார்த்த பொறியாளர்கள் இதைத்தான் செய்தார்கள். ஒரே மூச்சில் வார்த்தால் குளிர 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டு, அணையைத் தனித்தனித் தூண்களாக எழுப்பினார்கள். ஒவ்வொரு தூணையும் 5 அடி உயர அடுக்குகளாக வார்த்தார்கள். உள்ளே பதித்த குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். தூண்கள் குளிர்ந்து சுருங்கிய பின்னரே, இடைவெளிகளில் சிமெண்டுக் குழம்பை அழுத்தத்துடன் செலுத்தி அடைத்தார்கள்.

"இணைப்பு வழியாக நீர் கசியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இணைப்பு எங்கே வரும் என்பது முன்னரே தெரியும். அதனால் நீர் நிற்கும் பக்கத்தில், இணைப்பின் குறுக்கே நீரைத் தடுக்கும் பட்டையைப் பதிக்கலாம். இரு பக்கங்களும் ஒன்றையொன்று கவ்வும்படி மேடு பள்ளங்கள் அமைக்கலாம். தானாக வரும் விரிசலில் இவை எதுவும் இராது. அது எந்த வழியாகவும் ஓடும். உள்ளே புகுந்த நீர் தன் அழுத்தத்தால் அதை மேலும் பிளக்கப் பார்க்கும்.

இன்று சாலை போடுவதுபோல் உருளையால் அமுக்கி, விரைவாக அணை எழுப்பும் முறை வந்துவிட்டது. இணைப்பு வேலை வேகத்தைக் குறைக்கிறது என்று எண்ணும் ஆசையும் கூடவே வருகிறது. ஆனால் நம் அவசரத்திற்காகக் கான்கிரீட் சுருங்காமல் இருக்காது. இணைப்புக்குச் செலவிடும் நாட்களை வீண் என்று சொல்பவர்கள், அணைக்குக் கீழே உள்ள ஊர்களை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

"இதில் விரிசலே வராது" என்று சொல்பவரைவிட, "விரிசல் வரக்கூடிய இடத்தில் நானே கோடு போட்டிருக்கிறேன்" என்று சொல்பவரையே நான் நம்புவேன். அடுத்த முறை ஓர் அணையைப் பார்க்கப் போனால், அதன் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். சுவரில் மேலிருந்து கீழாக இறங்கும் அந்த மெல்லிய கோடுகளையும் தேடிப் பாருங்கள்.