முகத்தைப் பாழாக்கும் “சிவப்பழகு”!

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை. கறுத்த முகத்துக்குப் பல வீடுகளில் முதல் வைத்தியம் சமையற்கட்டில் நடக்கிறது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்க்கிறார்கள். அந்தச் சாற்றோடு வெயிலில் போனால் தோல் வெந்து, முன்னைவிடக் கறுத்துவிடும்!

இதாவது நாளடைவில் ஆறும். களிம்பு டியூப் அப்படி அல்ல.

கரப்பான் போன்ற நோய்களுக்கு, சில நாளைக்கு மட்டும் பூசும்படி டாக்டர் எழுதிக் கொடுப்பது ஸ்டீராய்டு களிம்பு. அதைப் பூசியதும் முகம் பளிச்சென்று ஆகிறது. “என்ன போட்டே?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறாள். டியூபின் பெயர் தெரு முழுவதும் பரவுகிறது.

மாதங்கள் போகின்றன. தோல் மெலிகிறது. சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிகின்றன. பருவும் முடியும் முளைக்கின்றன. நிறுத்தினால் எரிச்சல், எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் அதே களிம்பு!

2018-ல் மத்திய அரசு இத்தகைய 14 களிம்பு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் கேட்டு வாங்குவது யார்? நாம்தானே!

சிவப்பழகுக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் உண்டு. 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் அவற்றைப் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பழுதாயிற்று. பூசியது முகத்தில், கெட்டது வயிற்றுக்குள்!

ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசி வருகிறவர்கள், தாங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துப்போய்த் தோல் டாக்டரிடம் காட்டட்டும்.