விமானம் மாறி ஏறுவதற்கும் விசாவா?



திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலி நகரியம்னு நம்ம பக்கத்துல எந்தத் தெருவுக்குப் போனாலும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு வீடாவது இருக்கும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போனது ஒரு தலைமுறை. படிப்புக்கும் வேலைக்கும் கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று போவது அடுத்த தலைமுறை. நகையை அடகு வைத்து, முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு விட்டு டிக்கெட் எடுக்கிற குடும்பங்கள் இவை.

அந்த டிக்கெட்டுக்குள்ளேயே ஒரு கண்ணி இருக்கிறது. அதன் பெயர் டிரான்சிட் அனுமதி.

"நாம அந்த ஊருக்கே போகலையே, ஏர்போர்ட்டுக்குள்ளயே ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து அடுத்த விமானம் ஏறப்போறோம், அதுக்கு எதுக்கு விசா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் அப்படி இல்லை.

🔹 அமெரிக்கா: விசா இல்லாமல் விமானம் மாறும் வசதியை 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்கினாலும் நமக்கு விசா வேண்டும்.

🔹 பிரிட்டன்: இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் லண்டனில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் டிரான்சிட் விசா எடுக்க வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு.

🔹 ஐரோப்பா: 2009-ல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விசா சட்டத்தில், எந்த ஷெங்கன் நாட்டில் விமானம் மாறினாலும் டிரான்சிட் விசா கட்டாயம் என்ற பொதுப்பட்டியல் இருக்கிறது. அதில் இலங்கையும் ஒன்று. ஈழத்து உறவுகள் அந்த பாஸ்போர்ட்டோடு படும் பாடு நமக்குத் தெரியும். இந்தியா அந்தப் பொதுப்பட்டியலில் இல்லை. ஆனாலும் ஜெர்மனி போன்ற சில நாடுகள் தனியாக நம்மீதும் இந்த நிபந்தனையை வைத்தன.

விசா தேவையில்லாத பாஸ்போர்ட் வைத்திருக்கும் புலம்பெயர் தமிழர்களும் இப்போது தப்பவில்லை. அவர்களுக்கு வந்திருப்பது மின்னணுப் பயண அனுமதி. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பாரிஸ் தமிழர் டொராண்டோவில் விமானம் மாறினாலும் கனடாவின் அனுமதியை 7 கனடிய டாலர் கட்டி முன்கூட்டியே வாங்க வேண்டும். அமெரிக்கா தன் அனுமதிக் கட்டணத்தை 2025 செப்டம்பர் 30 முதல் 40 டாலராக உயர்த்தியது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் 10 பவுண்டை 16 பவுண்டாக்கியது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஹீத்ரோ, மான்செஸ்டர் நிலையங்களில் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டாமல் விமானம் மாறுபவர்களுக்கு இந்த மின்னணு அனுமதி வேண்டாம் என்று 2025 ஜனவரியில் விலக்கு கொடுத்தார்கள். விமான நிறுவனங்களும் விமான நிலையங்களும் "பயணிகள் வேறு நாட்டு வழியாகப் போய்விடுகிறார்கள்" என்று முறையிட்ட பிறகு கிடைத்த விலக்கு அது.

அழுத்தம் கொடுத்தால் நாடுகள் இறங்கி வரும் என்பதற்கு அதுவே சாட்சி. 2026 ஜனவரியில் ஜெர்மன் அதிபர் மெர்ஸ் இந்தியா வந்தபோது, இந்தியப் பயணிகள் ஜெர்மனியில் விசா இல்லாமல் விமானம் மாறலாம் என்ற அறிவிப்பு வந்தது. வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. நெய்வேலிச் சுரங்கத்தை வெட்டிய ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. இயந்திரம் வர வழி இருந்தது. அதை ஓட்டியவரின் பிள்ளை ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார மட்டும் இத்தனை ஆண்டுகள் தனி விசா கேட்டார்கள்.

சரி, இதில் நம் ஊர்க்காரர்கள் ஏன் அதிகம் மாட்டுகிறார்கள்? டெல்லியிலிருந்து நியூயார்க்குக்கும் டொராண்டோவுக்கும் சிட்னிக்கும் நேராக ஏறிப் போகலாம். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ நேரடி விமானம் கிடையாது. எங்காவது இறங்கி மாறித்தான் ஆகணும். ஆகவே டிரான்சிட் நிபந்தனை என்பது எல்லோருக்கும் பொதுவானதாகத் தெரிந்தாலும், அதன் சுமை நம் தலையில்தான் கூடுதலாக விழுகிறது.

ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அந்த நாடு விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும். அதனால் கவுண்டரில் இருப்பவர் ஏற்ற மறுத்துவிடுவார். டிக்கெட் பணமும் பெரும்பாலும் திரும்பாது. விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லாதவர்கள், ஏறும்போது மட்டும் சட்டம் பேசுவது என்ன நியாயம்?

எந்த நாட்டுக்கும் தன் எல்லையைக் காக்கும் உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது இவைதான்:

✅ பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டு, வழியில் என்ன அனுமதி தேவை என்பதைப் பணம் கட்டும் முன்பே, தமிழிலும் காட்ட வேண்டும் என்று டிக்கெட் விற்கும் எல்லோருக்கும் ஒன்றிய அரசு விதி போட வேண்டும்.

✅ ஜெர்மனியிடம் கிடைத்தது பிரிட்டனிடமும் கிடைக்கும்படி வெளியுறவு அமைச்சகம் பேச வேண்டும்.

✅ சென்னையிலிருந்து வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நேரடி விமானம் வேண்டும்.

✅ அயலகத் தமிழர் நலத்துறை மூலம், கிளம்பும் முன்பே ஆவணங்களைப் பார்த்துச் சொல்லும் உதவி மையம் கடலூர் மாவட்டத்தில் வேண்டும்.

அதுவரை, டிக்கெட் எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டா? இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால், பெரும்பாலும் பெட்டியை எடுக்க வெளியே வந்து மறுபடி உள்ளே போகணும். அப்போது அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதியே தேவைப்படும்.

2. வழியில் முனையமோ விமான நிலையமோ மாற வேண்டுமா? இரவு தங்க வேண்டுமா?

3. அந்த நாட்டுத் தூதரகத்தின் அதிகாரப்பூர்வத் தளம் இன்றைய தேதியில் என்ன சொல்கிறது? "போன வருஷம் என் மச்சான் போனான், ஒண்ணும் கேக்கல" என்பதை நம்பாதீர்கள். விதி மாசா மாசம் மாறுது. அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் அரசுத் தளத்தில் மட்டும். அதே போலத் தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு கட்டணம் வாங்கிவிடும்.

ஐந்தாயிரம் ரூபாய் குறைவு என்று எடுத்த டிக்கெட், லட்ச ரூபாயைத் தின்றுவிடக் கூடாது. உங்கள் தெருவில் யாராவது பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தால், இந்தப் பதிவை இன்றே அவர்களுக்கு அனுப்புங்கள். கோரிக்கையை நாம் தொடர்ந்து எழுப்புவோம்.

#டிரான்சிட்_உரிமை #சென்னைக்கு_நேரடி_விமானம்