ஆக்ஸிமீட்டர் சொன்னால் போதுமா?

கொரோனா நம் வீடுகளில் விட்டுப் போன சாமான்களில் ஒன்று, விரலில் மாட்டுகிற அந்தக் குட்டி பல்ஸ் ஆக்ஸிமீட்டர். இன்றைக்கும் வீட்டுப் பெரியவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கினால், முதலில் தேடுவது அதைத்தான். ‘96 காட்டுது... ஒண்ணுமில்லே, பேசாம படுங்க!’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இந்த ‘ஒண்ணுமில்லே’ இருக்கிறதே, அதுதான் ஆபத்து!

கருவியைக் குறை சொல்ல வரவில்லை. ஜப்பானின் டகுவோ அயோயாகி 1974-ல் உலகுக்குச் சொன்ன அருமையான யோசனை அது. சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் பாய்ச்சுவார்கள். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்ஸிஜன் குறைந்த ரத்தமோ சிவப்பை அதிகம் உறிஞ்சும். நாடி துடிக்கிறபோது இந்த ஒளி எப்படிக் கூடிக் குறைகிறது என்று கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். ஊசி குத்தல் கிடையாது! ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து தரும் டாக்டருக்கு இது மூன்றாவது கண்.

சரி, சிக்கல் எங்கே? ஒளி தோலைத் தாண்டித்தானே ரத்தத்துக்குப் போக வேண்டும்? தோலுக்குக் கருமை தருகிற மெலனினும் ஒளியை உறிஞ்சும். அதனால் கறுத்த தோலில் சில சமயம் கருவி உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடுகிறது.

2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள், வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்களில் 11.7 சதவீதம்! ஏறக்குறைய மூன்று மடங்கு. 2021-ல் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அமைப்பு எச்சரிக்கை விட்டது. 2025 ஜனவரியில், இனி 150 பேருக்குக் குறையாமல், எல்லா தோல் நிறத்தவரிடமும் சோதித்துப் பார்க்கச் சொல்லி வரைவு விதிகளையும் வெளியிட்டது. அதற்கு முன் கேட்டதெல்லாம் வெறும் 10 பேர்தான்!

‘அது அவங்க ஊர்க் கணக்கு, நமக்கென்ன?’ என்பீர்கள். அந்த சதவீதத்தை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால், மெலனினுக்கு ஊர் ஏது, தேசம் ஏது? மாநிறமும் கறுப்புமாக இருக்கிற நாம்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸிமீட்டர் விற்பனை லாபத்துக்கு 70 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. நல்ல காரியம். விலைக்குக் காட்டிய அக்கறையை நம்பகத்தன்மைக்கும் காட்ட வேண்டாமா? ‘இன்னின்ன தோல் நிறத்தவரிடம் சோதிக்கப்பட்டது’ என்று பெட்டி மேலேயே அச்சடிக்கச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

அதுவரை? கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். நகப் பூச்சை அழித்துவிட்டு, சில்லிட்ட கையைச் சூடாக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து, எண் நிலைத்த பிறகு பாருங்கள். ஒரே ஒரு எண்ணை நம்பாமல், காலை, மாலை குறித்து வையுங்கள். நேற்று 98 காட்டியது இன்று 94 என்றால், அந்த இறக்கமே ஒரு சேதி.

முக்கியமாக, ஆளைப் பாருங்கள். பேச்சு நடுவே மூச்சு திணறுகிறதா? உதடு நீலம் பாரிக்கிறதா? நெஞ்சு வலிக்கிறதா? அப்படியானால் எண் எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உடம்பு ஒன்று சொல்லி, மிஷின் வேறொன்று சொன்னால், உடம்பு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்!