சுட்டவன் சிறையில், ஏவியவன் எங்கே?

2013 ஆகஸ்ட் 20 காலை, புனே ஓங்காரேசுவரர் கோயிலருகே பாலத்தில் உலாவப் போன டாக்டர் நரேந்திர தாபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 67.

சாத்தாராக்காரர், கபடி வீரர். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, 1989இல் மராட்டிய மூடநம்பிக்கை ஒழிப்புச் சமிதியைத் தொடங்கினார். நாத்திகர்தாம், ஆனால் எவருடைய கடவுளையும் பறிக்க வந்தவரல்லர். கடவுள் பெயரைச் சொல்லி ஏழையின் மடியை அவிழ்ப்பவர்களோடுதான் அவருக்கு வழக்கு. அதற்கே மத விரோதி என்று தூற்றினார்கள்.

நரபலி, பில்லிசூனியக் கொடுமைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று பத்தாண்டுகளுக்கு மேல் போராடினார். ஆட்சிகள் மாறின; மசோதா தூங்கியது. அவர் செத்த நான்காம் நாள் அவசரச் சட்டம் பிறந்தது! டிசம்பரில் சட்டமன்றமும் நிறைவேற்றியது.

பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மந்திரிப்பவனுக்கும், பேயோட்டுகிறேன் என்று பெண்ணை அடிப்பவனுக்கும் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை. மராட்டியத்தில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இச்சட்டம் உரியது. நம் குடிசைப் பகுதிகளில் வாரக்கூலியைக் கறக்கும் மந்திரவாதி தமிழிலேயே பேசுவான். ஊர்க்காரன் என்று அவனை மறைக்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள்.

2024 மே 10 அன்று புனே நீதிமன்றம், சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது; மூவரை விடுவித்தது. கொலைக்குத் திட்டம் போட்டவர்கள் வேறு யாரோ, புனே போலீசும் சி.பி.ஐ.யும் அவர்களைக் கண்டுபிடிக்கத் தவறின என்று நீதிபதியே தீர்ப்பில் எழுதினார். பதினோராண்டு விசாரணையின் பலன் இதுதானா?