வர்ணம் பூசினால் சரித்திரம் மறையுமா?

கலையினால் ஒரு பட்டணம் புத்துயிர் பெறக்கூடும் என்பதற்கு அத்தாட்சியாக, தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்திலுள்ள மெடெயின் நகரம் உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது. 1991-ஆம் வருஷத்தில் மட்டும் அங்கே 6,000-க்கு மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. அன்று அங்கு நடந்தது கொக்கேய்ன் கும்பல்களின் ராஜ்யமே. அந்நகரம் தலைநிமிர்ந்தது எங்ஙனம்?

2004 முதல் 2007 வரை நகரத் தலைவராயிருந்த கணித நிபுணர் செர்ஹியோ ஃபஹார்தோ, மிகச் சிறந்த கட்டடங்கள் மிக ஏழைகளின் மத்தியிலேயே எழவேண்டும் என்னும் கொள்கையைக் கைக்கொண்டார். மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு 2004-இல் கம்பிவட ஊர்தி சென்றது. நூல்நிலையத்தோடு கூடிய பூங்காக்கள் தோன்றின. நகரசபைக்குச் சொந்தமான மின்சார, குடிநீர் ஸ்தாபனத்தின் லாபம் இவற்றுக்குக் கைகொடுத்தது. பதின்மூன்றாவது வட்டாரத்தில் 2011-இல் நகரும் படிகள் அமைந்தன. சுவர்ச் சித்திரங்களைக் காண யாத்ரிகர்கள் திரண்டனர். குறையும் இல்லாமலில்லை. 2007-இல் புகழுடன் திறக்கப்பட்ட எஸ்பாஞா நூல்நிலையம், கட்டடக் கோளாறினால் பின்னர் மூடப்பட நேர்ந்தது.

நிற்க. அதே வட்டாரத்தில் 2002 அக்டோபரில் ராணுவ நடவடிக்கை நடந்தது. அக்காலத்தில் காணாமற்போன தங்கள் மக்கள் அருகிலுள்ள இடிபாட்டுக் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டிருப்பதாகத் தாய்மார்கள் இருபது வருஷங்களுக்கு மேலாக முறையிட்டனர். 2024 டிசம்பரில் மனித எலும்புகள் அங்கே அகப்பட்டன. தாய்மார் சொன்னதே மெய் என்று 2025 ஜனவரியில் இளைஞர்கள் ஒரு சுவரில் எழுதினர். நகர நிர்வாகம் அதை அழித்தது! ஜனங்கள் கொதித்தெழுந்தனர், எழுத்து மீண்டும் சுவரேறியது.

யாத்ரிகரின் பணத்தைக் கொணரும் சித்திரம் கலை. தாயின் கண்ணீரைக் காட்டும் சித்திரம் அசுத்தமா? இவ்வாறு பிரித்துப் பார்ப்பது நியாயமாகாது. மெடெயினை மீட்டது வர்ணமன்று. புறக்கணிக்கப்பட்ட ஜனங்களை நகரத்தின் பிரஜைகளாக மதித்த கொள்கையே. அம்மதிப்பு நீங்கினால் எஞ்சுவது வெறும் பூச்சுதான்.

இதில் நமக்கும் பாடமுண்டு. யுனெஸ்கோவின் படைப்பு நகரங்களின் வரிசையில், சங்கீதத்துக்காக மெடெயின் 2015-இலும் சென்னை 2017-இலும் இடம் பெற்றன. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகள் வாழும் நமது கண்ணகி நகரின் சுவர்களிலும் 2020 முதல் பெரும் சித்திரங்கள் மிளிர்கின்றன. அவை மிளிரட்டும். ஆனால் அச்சுவர்களுக்குள் வாழ்வோரின் குறையைக் கேட்கும் செவி நகர ஆட்சியாளருக்கு இருக்கிறதா? நகரத்தின் கலையை அளக்கும் கோல் அதுவேயாகும்.