பட்டாவில் பேர் இருந்தவனுக்கு மட்டும்தான் பரம்பரையா?

கல்யாணப் பத்திரிகையில் எல்லாக் குடும்பமும் பெரிய குடும்பம்தான். ஆனா அந்தக் குடும்பம் நிஜத்தில் எப்படிப் பிழைத்தது, யார் யாருக்கு என்ன முறை, யாரிடம் கடன்பட்டார்கள், யாரோடு முட்டிக்கொண்டார்கள் என்று தெரியணும்னா பழைய பத்திரத்தையும் கோர்ட்டுக் கட்டையும்தான் பிரிக்கணும். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, மாடு பயிரை மேய்ந்த பிராது, இதிலெல்லாம்தான் பாட்டனும் பூட்டனும் உயிரோடு நிற்பார்கள்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் பூர்வீகம் தேடுவது பெரிய பொழுதுபோக்கு. 1600-களில் குடியேறிய காலம் வரைக்கும் போகணும்னா அவங்களுக்கும் கை கொடுப்பது நிலப் பட்டயங்களும் கவுண்டி நீதிமன்றக் குறிப்பேடுகளும்தான். அப்படி ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போறேன். காலனிக் காலத்துக் குடும்பம் என்றதும் தொப்பி வைத்த வெள்ளைக்காரத் துரை நினைவுக்கு வருவார். இது ஒரு ஆப்பிரிக்கக் குடும்பம்.

முதலில் இடத்தைச் சொல்லிடறேன். அட்லாண்டிக் கடலுக்கும் செசபீக் விரிகுடாவுக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு தீபகற்பம் நீண்டு கிடக்கிறது. அதன் தென்கோடி வர்ஜீனியாவைச் சேர்ந்தது. அங்கே இருக்கிற நார்தாம்ப்டன் கவுண்டியில் 1632-லிருந்து கோர்ட்டுப் பதிவுகள் விட்டுப்போகாமல் இருக்கின்றன. வர்ஜீனியாவின் வேறு பல கவுண்டிகளில் தீயிலும் உள்நாட்டுப் போரிலும் காகிதம் எல்லாம் சாம்பலாகிவிட்டது. அதனால் பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு நார்தாம்ப்டன் ஒரு புதையல்.

அந்தக் காலத்தில் அங்கே நிலம் ஏராளம், ஆள்தான் பஞ்சம். புகையிலைக்கு ஆள் வேணும். அதனால் ஒரு ஏற்பாடு. கப்பல் செலவு கொடுத்து ஒரு ஆளைக் கொண்டுவந்தால், கொண்டுவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். யார் யாரைக் கொண்டுவந்தோம் என்று பேர்ப்பட்டியல் கொடுத்து நிலப் பட்டயம் வாங்கணும். இன்றைக்குப் பூர்வீக ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் தேடுவது அந்தப் பேர்ப்பட்டியலைத்தான்.

1621-ல் ஜேம்ஸ் என்ற கப்பலில் அந்தோனியோ என்று ஒருவர் வர்ஜீனியா வந்து இறங்குகிறார். 1625 வாக்கில் எடுத்த குடிக்கணக்கில் அந்தோனியோ, நீக்ரோ என்று மட்டும் பதிவு. எந்த ஊர், யார் பிள்ளை, ஒன்றும் இல்லை. அவர் வேலை பார்த்த தோட்டத்தில் 1622 மார்ச்சில் பூர்வகுடிகள் நடத்திய தாக்குதலில் 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பிழைத்த சிலரில் இவரும் ஒருவர். அதே ஆண்டு வேறொரு கப்பலில் மேரி என்ற ஆப்பிரிக்கப் பெண் வந்து சேர்கிறார். இரண்டு பேரும் குடும்பம் நடத்தினார்கள். எப்போது, எப்படி விடுதலை ஆனார்கள் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. அடுத்து நாம் பார்க்கும்போது அவர் அந்தோனி ஜான்சன். 1651-ல் ஐந்து பேரைக் கொண்டுவந்த கணக்கில் 250 ஏக்கருக்குப் பட்டயம் வாங்கியிருக்கிறார். பக்கத்திலேயே மகன்களும் நிலம் எடுத்தார்கள்.

விவசாயிக்கு வருகிற கஷ்டமெல்லாம் அவங்களுக்கும் வந்தது. 1653-ல் தோட்டத்தில் தீ. குடும்பம் நொடிந்துபோகிறது. கோர்ட்டுக்குப் போய் நிவாரணம் கேட்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மண்ணில் பாடுபட்டவர்கள் என்று சொல்லி, மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுளுக்கும் தலைவரி தள்ளுபடி ஆகிறது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. 1643-ல் போட்ட சட்டப்படி ஆப்பிரிக்கப் பெண்களுக்குத் தலைவரி உண்டு, வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கிடையாது. ஆக, ஒரு தள்ளுபடி உத்தரவிலிருந்து நமக்குக் கிடைப்பது எத்தனை பாருங்க. பெண்டாட்டி பேர், இரண்டு மகள்கள் இருந்தது, தீப்பிடித்தது, எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்பது, நிறத்தைப் பார்த்து வரி போட்ட அரசு. குடும்ப வரலாறு என்று யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. வரிக் கணக்கு எழுதினவன் தெரியாமலேயே எழுதி வைத்துவிட்டான்.

அடுத்த தாள்தான் நெஞ்சைக் குத்துவது. ஜான்சன் தோட்டத்தில் ஜான் கேசர் என்று ஒரு ஆப்பிரிக்கர் வேலை பார்த்தார். 1654-ல் அவர் ஒரு முறையீடு வைக்கிறார். நான் ஏழெட்டு வருஷ ஒப்பந்தத்துக்குத்தான் வந்தேன், அது முடிந்து இன்னும் ஏழு வருஷம் கூடுதலாக வைத்திருக்கிறார்கள் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பார்க்கர் சகோதரர்கள் அவர் பக்கம் நிற்கிறார்கள். வீட்டார் சொல்லைக் கேட்டு ஜான்சன் முதலில் விட்டுவிடுகிறார். கேசர் ராபர்ட் பார்க்கரிடம் வேலைக்குப் போய்விடுகிறார். பிறகு ஜான்சன் மனசு மாறி வழக்குப் போடுகிறார். 1655 மார்ச்சில் தீர்ப்பு. கேசர் ஜான்சனுக்கே ஆயுள் முழுக்கச் சொந்தம், அவரைத் திருப்பி அனுப்பணும், வழக்குச் செலவைப் பார்க்கர் கட்டணும்.

இந்த ஒரு தாளை மட்டும் கட்டிலிருந்து உருவிக்கொண்டு, பார், அமெரிக்காவின் முதல் அடிமை முதலாளியே ஒரு கறுப்பர்தான் என்று பேசுகிறவர்கள் இணையத்தில் நிறைய. உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். ஒரு தாளை உருவி வழக்கு ஜெயிப்பது பழைய வித்தை. முன்னே பின்னே இருக்கிற தாளையும் படிக்கணும். 1640-லேயே ஜான் பன்ச் என்ற ஆப்பிரிக்கர் இரண்டு வெள்ளைக்கார வேலையாட்களோடு ஓடிப்போய்ப் பிடிபட்டார். கோர்ட் அந்த இரண்டு பேருக்கும் நாலு வருஷம் கூட்டியது. பன்ச்சுக்கு மட்டும் ஆயுள் முழுக்க அடிமை வேலை. குற்றம் ஒன்று, தண்டனை வேறு.

பின்னே இருக்கிற தாளும் சொல்றேன். 1660-களில் ஜான்சன் குடும்பம் வடக்கே மேரிலாந்துக்கு நகர்ந்து 300 ஏக்கர் குத்தகைக்கு எடுத்தது. 1670-ல் அந்தோனி காலமாகிறார். அதே ஆண்டு, அவர் வர்ஜீனியாவில் விட்டுவந்த நிலத்தைப் பற்றி ஒரு ஜூரி தீர்ப்புச் சொல்கிறது. இவர் நீக்ரோ, ஆகவே அந்நியர், அவர் நிலம் அரசுக்குப் போகலாம் என்று. 1621-ல் வந்து, வரி கட்டி, அதே கோர்ட்டுகளில் வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்ற மனுஷன் செத்த பிறகு அந்நியன்! பட்டயம் கொடுத்த அரசே பட்டயத்தைச் செல்லாக்காசாக்கியது. கேசரை ஆயுள் அடிமையாக்க அந்தோனி தேடிப்போன அதே சட்டம் அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. நியாயம் கொடுக்கிற இடம் என்று நாம் நம்புகிற காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சைத்தான் கேட்கும்.

1677-ல் பேரன் ஜான் ஜான்சன் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கி அதற்கு அங்கோலா என்று பேர் வைத்தார். தாத்தா ஆப்பிரிக்காவில் எந்த மண்ணிலிருந்து வந்தார் என்று சொல்லக்கூடிய பெரிய துப்பு அந்த நிலத்தின் பேர்தான். எந்த அதிகாரியும் எழுதாததைப் பேரன் பத்திரத்தில் எழுதிவிட்டான். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது என்றால் பொய் இல்லை. நிலத்துக்குப் பேர் வைப்பது விளையாட்டு இல்லைங்க.

சரி, ஜான்சன் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை கிடைத்துவிட்டது. கேசருக்கு? அவருக்கென்று பட்டயம் இல்லை. நமக்குத் தெரிவதெல்லாம் ஜான்சன் கட்டில் ஒட்டிக்கொண்டு வருவதுதான். குடும்பத்தோடு மேரிலாந்துக்குப் போனார். 1670-களில் மேரியின் சம்மதத்தோடு தன் மாடுகளுக்கான அடையாளக் குறியைக் கோர்ட்டில் பதிந்து வைத்தார். அவ்வளவுதான். அடிமை என்று தீர்ப்பான மனுஷனுக்கும் நாலு மாடு இருந்தது, அதை என் மாடு என்று சொல்லணும் என்று தோன்றியது. அந்த ஒரு பதிவுதான் அவருக்கு மிச்சம்.

அவராவது வழக்காடினார். அந்தப் பேர்ப்பட்டியல்களில் 1630-களிலேயே டோனி, கிழக்கிந்தியர் என்று ஒரு பேர் வருகிறது. நம்ம பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போன மனுஷன். சோழமண்டலக் கரையா, வங்காளமா, ஒன்றும் எழுதவில்லை. அப்பா அம்மா வைத்த பேரும் டோனியாக இருந்திருக்காது. கொண்டுவந்தவருக்கு அவர் பேரில் 50 ஏக்கர் கிடைத்தது. டோனிக்கு ஒரு வரி கிடைத்தது.

இதுதான் என் கட்சி. நிலப் பதிவும் கோர்ட்டுப் பதிவும் பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டதோ அவரைப் பற்றித்தான் பேசும். சொத்து இருந்தவனுக்குப் பரம்பரை, உழைத்தவனுக்கு ஒரு வரி. அதுவும் சண்டை வந்தால்தான்.

ஆனால் அந்த ஒரு வரியையும் லேசாக நினைக்க முடியாது. பால் ஹைனெக் என்ற ஆராய்ச்சியாளர் வர்ஜீனியா, கரோலினா பக்கத்துக் கோர்ட்டு, வரிப் பதிவுகளை வருஷக்கணக்காகப் புரட்டி, காலனிக் காலத்தில் சுதந்திரமாக வாழ்ந்த நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கக் குடும்பங்களின் வம்சத்தைத் தொகுத்தார். 1662 சட்டப்படி தாய் எப்படியோ பிள்ளையும் அப்படி. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்கார வேலைக்காரப் பெண்களுக்கும் ஆப்பிரிக்க ஆண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழி என்று அவர் கண்டார். அந்தத் தாய்மார்களைத் தண்டிக்க எழுதிய பிராதுகளே இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு ஆதாரம். ஆயுள் அடிமையான அந்த ஜான் பன்ச்சின் வழிவந்தவராக அதிபர் ஒபாமா, அவருடைய வெள்ளைக்கார அம்மா வழியில், இருக்கக்கூடும் என்று 2012-ல் பூர்வீக ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். 1640-ல் குறிப்பெழுதிய குமாஸ்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இதை ஏன் சொல்றேன்? உங்களில் பல பேருக்கு ஊரில் தாத்தா நிலம் இருக்கும், இல்லேன்னா விற்றாகியிருக்கும். விற்கிற அன்றைக்கு மூலப் பத்திரம் கை மாறிவிடும். அதில் செக்குபந்தியைப் பார்த்திருக்கீங்களா? இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு. வர்ஜீனியா பத்திரத்திலும் இதே மாதிரி ஓடை, மரம், பக்கத்து நிலத்துக்காரர் பேரை வைத்துத்தான் எல்லை. அந்தப் பேர்களைப் பிடித்துத்தான் அங்கே சொந்தபந்தம் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் பத்திரம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வையுங்க. அது விலை போகாத சொத்து.

அதோடு நிறுத்திடாதீங்க. அந்த நிலத்தில் ஏர் ஓட்டினவர், நாற்று நட்டவர், கிணறு வெட்டினவர், வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு விதைத்தவர் யார் பேரும் உங்க பத்திரத்தில் இருக்காது. குத்தகைதாரர் பேரைப் பதிவு செய்ய தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்தது. இருந்தும் வாய்ப்பேச்சில் ஓடுகிற குத்தகை இன்னும் உண்டு. பண்ணையில் கிடந்தவர்களுக்கு அந்த ஏடுகூட இல்லை.

ஊரில் இன்னும் எண்பது வயசு தாண்டினவங்க நாலு பேர் இருப்பாங்க. அடுத்த தடவை வரும்போது, எங்க தாத்தா பெருமையைச் சொல்லுங்கன்னு கேட்காதீங்க. எங்க காட்டில் யார் யார் வேலை செஞ்சாங்க, அவங்க பிள்ளைங்க இப்ப எங்கே இருக்காங்கன்னு கேளுங்க. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேரோடு எழுதி வையுங்க. நம்ம பட்டாவுக்குப் பின்னால் அவங்க உழைப்பு இருக்கு. அவங்க பேரப்பிள்ளைகள் ஒருநாள் தேடிக்கொண்டு வரும்போது, மாட்டுக் குறியை மட்டும் வைத்து ஊகிக்கிற நிலைமையில் அவங்களை விடக்கூடாது.